வாசல் மண் வியூகம்

கல்முனையில் அந்த மாதம் மண்ணுக்குத் தட்டுப்பாடு. கால் வைத்த இடமெல்லாம் மணலாகக் கிடக்கிற கடற்கரை ஊரில் மண்ணுக்கா தட்டுப்பாடு என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். தேவைப்பட்டது சும்மா மண் அல்ல, கடை வாசல் மண். வாசலில் டைல் பதித்து, டைல் முடிந்த இடத்தில் கொங்கிரீட் கல் பதித்து, மண் என்ற ஒன்றே கண்ணில் படாமல் ஆக்கிவிட்டுத்தான் நம் பிரதான வீதி முதலாளிமார் ஓய்ந்திருந்தார்கள். இப்போது அதே முதலாளிமார் வெள்ளைச் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு, சொந்தக் கடை வாசலில் குந்தியிருந்து, சாவிக் கொத்தால் டைல் இடுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சின்னப் போத்தல் மண் போதும், கொம்பனியின் எதிர்காலம் முழுக்கத் தெரிந்துவிடும். யார் சொன்னது? டொக்டர் காலிதீன் சொன்னார்.

எந்த ஆஸ்பத்திரி டொக்டர் என்று கேட்காதீர்கள். அவர் வியாபாரத்துக்கு டொக்டர். வெளிநாட்டில் பெரிய பெரிய கொம்பனிகளுக்கு ஸ்ட்ரட்டஜி எழுதிக் கொடுத்தவராம். எந்த நாடு? கட்டார் என்றார்கள், மலேசியா என்றார்கள், ஒருவர் ஜெர்மனி என்றே அடித்துச் சொன்னார். எந்தக் கொம்பனி? அதை வெளியில் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தமாம். கல்முனை வெயிலில் கோட் போட்டுக்கொண்டு ஒரு சொட்டு வியர்க்காமல் நிற்கிறார் என்பதே அரைவாசிப் பேருக்கு அத்தாட்சியாக இருந்தது. அவருடைய காரிலும் ஒபிஸிலும் ஏசி ஓடியது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கடற்கரை வீதியில் ஒரு வாடகை வீடு. கேற்றில் நீல நிறப் பலகை. 'வாசல் மண் ஸ்கேன். உங்கள் தொழிலின் வியூகம் உங்கள் காலடியில்.' அவருடைய தத்துவம் சுலபமானது. ஒரு கடைக்குள் எத்தனையோ பேர் வருகிறார்கள், போகிறார்கள். அவர்கள் ஆசை, பொறாமை, திருப்தி, எரிச்சல் எல்லாம் வாசல் மண்ணில் இறங்கித் தங்கிவிடும். மண் எதையும் மறக்காது. போத்தல் மண்ணுக்குள் இரண்டு செம்புக் கம்பிகளைக் குத்தி, வயரை லெப்டொப்பில் செருகினால், பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகத் திரையில் கோடுகள் எழும்பும். கடைசியில் 'டிங்' என்று ஒரு சத்தம். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்தத் தொழிலின் தலைவிதியைச் சொல்லுவார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் ஊர் குறி கேட்கிற ஊர் அல்ல. அதெல்லாம் எப்போதோ விட்டாயிற்று. வெற்றிலையில் மை தடவி அஞ்சனம் பார்க்கிறேன் என்று ஒருவர் வந்தால் பள்ளிவாசல் நிர்வாகமே பஸ் ஏற்றி அனுப்பிவிடும். தாயத்துக் கட்டியவனைக் கண்டால் தோளில் தட்டிப் புத்தி சொல்லுவோம். ஜும்ஆவில் இதைப் பற்றிப் பிரசங்கம் நடந்தால் எல்லோரும் தலையை ஆட்டுவோம். ஆட்டிவிட்டு, தொழுகை முடிந்ததும் மண் போத்தலைத் தூக்கிக்கொண்டு கடற்கரை வீதிக்குப் போவோம். வெற்றிலையில் பார்த்தால் அது மூடநம்பிக்கை. லெப்டொப்பில் பார்த்தால் அது ஸ்ட்ரட்டஜி. டொக்டரும் ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் வேலையாக அதைத்தான் சொல்லுவார். "நான் குறி சொல்றவன் இல்ல. இது சயன்ஸ்." சனம் கை தட்டும். குறி சொல்கிறவன் கொஞ்சம் குறைவாக வாங்குவான் என்பதுதான் எனக்குத் தெரிந்த வித்தியாசம்.

கியூ விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். பார்மஸி முதலாளி, இரும்புக்கடை முதலாளி, ரைஸ் மில் முதலாளி, மீன் ஏற்றுமதிக்காரர். மாடியில் போன் கடை வைத்திருந்த ஒருவர் மண்ணுக்கு எங்கே போவது என்று தெரியாமல் சீலிங் ஃபேன் தூசியைத் தட்டிக்கொண்டு வந்தார். அதுவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பேஸ்புக்கில் அபாயா விற்கிற ஒரு பெண், தனக்குக் கடையே இல்லையே, வாசல் எங்கே என்று கேட்டாள். டொக்டர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, வைஃபை ரவுட்டர் வைத்த இடத்துத் தூசியைக் கொண்டுவரச் சொன்னார். நானும் சில நாள் அங்கே நின்றேன். என்னிடம் கொம்பனி எதுவும் இல்லை, ஆனால் கியூவில் நிற்பவர்களுக்குப் பால் தேத்தண்ணி இலவசம்.

எல்லா மண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே தீர்ப்புத்தான் வந்தது. 'இந்த மண்ணுக்கு இந்தத் தொழில் ஒத்துவராது. உடனே நிறுத்துங்கள்.' நிறுத்திவிட்டு என்ன செய்வது? அதற்கும் டொக்டரிடம் மருந்து இருந்தது. அவருடைய சொந்தத் தயாரிப்பான முருங்கையிலைக் கப்ஸியூலுக்கு ஏஜென்ட் ஆகலாம். அது மட்டும் எல்லா மண்ணுக்கும் ஒத்துவந்தது. களிமண், மணல், சீலிங் ஃபேன் தூசி, எதுவானாலும் சரி. நல்ல பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு மனிதர் இப்போது கப்ஸியூல் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வருகிறவர் எல்லோரிடமும் இரத்தச் சோகை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சாய்ந்தமருதில் 'வெண்முத்து அரிசிமா' என்று ஒரு சின்னக் கொம்பனி இருக்கிறது. முஸ்பிறாவும் அவள் புருசன் றிபாத்தும் நடத்துகிறார்கள். கொரோனாக் காலத்தில் வீட்டுக் குசினியில் முஸ்பிறா இடியப்ப மா அரைத்துப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கினாள். பிறகு வளவுக்குள் தகரக் கொட்டில் போட்டு, ஒரு அரைக்கிற மெஷின் வாங்கி, வேலைக்குச் சில பெண்களையும் வைத்தார்கள். மெஷின் வேலை றிபாத்துக்கு. எந்த மெஷினையும் கழற்றிப் பூட்டுகிற கை அவனுக்கு. கணக்கும் மாவும் முஸ்பிறாவுக்கு. நன்றாகத்தான் ஓடியது. பிறகு விற்பனை விழத் தொடங்கியது. ஏன் விழுகிறது என்று இருவருக்கும் பிடிபடவில்லை. றிபாத் வாசல் மண்ணை அள்ளிக்கொண்டு கடற்கரை வீதிக்குப் போனான்.

திரும்பி வந்தவன் முகத்தில் வெளிச்சமும் பயமும் சேர்ந்திருந்தன.

"முஸ்பிறா, அந்தாள் லேசுப்பட்ட ஆளில்லகா. நம்மட மெஷின்ர பெல்ட் ரெண்டு தரம் அறுந்த கதையச் செல்றார். உப்புக் காத்தால பெயாரிங் துருப்பிடிச்சதச் செல்றார். எல்லாம் மண்ணில தெரியுதாம்."

"மறுகா என்ன சென்னார்?"

"அரிசி நம்மட மண்ணுக்கு ஒத்துவராதாம். நோன்புத் தலைப்பிறைக்கு முன்னுக்கு மெஷின வித்துப்போடட்டாம். வெச்சிருந்தா நஷ்டம் வீடு வரைக்கும் வருமாம். சம்மாந்துறை ஹாஜியாருக்கிட்ட கதைச்சிட்டன். ஞாயித்துக்கிழம லொறி வரும்."

முஸ்பிறா கையில் இருந்த மா சலிக்கிற அரிப்பைக் கீழே வைத்தாள். மா மில்லுக்கு நோன்பு மாதம் என்றால் என்னவென்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கஞ்சிக்கும் இடியப்பத்துக்கும் பலகாரத்துக்கும் வருடம் முழுக்க ஓடாத ஓட்டம் அந்த ஒரு மாதம் ஓடும். அந்த நேரம் பார்த்து மெஷினை விற்பதா? அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் கூடுதலாக வந்தது.

கொட்டிலுக்குள் மா அரித்துக்கொண்டிருந்த ஸில்மியா எழுந்து வந்து கதவு நிலையில் நின்றாள். புருசன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள்.

"ராத்தா, அப்ப நோன்புக்கு எங்களுக்கு வேல இல்லயா?"

முஸ்பிறா றிபாத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க அங்க போய் ஆரோட கதைச்சீங்க?"

"ஆரோடயும் கதைக்கல்ல. விடியக் காலத்தால போய் பகல் லுஹர் வரைக்கும் கியூவில குந்தியிருந்தன். பக்கத்தில அட்டாளைச்சேன பேக்கரி முதலாளி ஒராள் இருந்தார், பாயிஸெண்டு பேர். நல்ல மனிசன். அவர்ர அடுப்பு வெடிச்ச கதையச் சென்னார், நான் நம்மட பெல்ட் அறுந்த கதையும் பெயாரிங் துருப்பிடிச்ச கதையும் சென்னன். வேற ஆரோடயும் ஒரு வார்த்த கதைக்கல்ல."

முஸ்பிறா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் இப்போது என்ன சொன்னோம் என்பது அந்த மனிதனுக்கு விளங்கவே இல்லை. சிரிப்பு வந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டாள்.

அடுத்த நாள் அவள் இரண்டு வேலை செய்தாள். முதலாவது, சாய்ந்தமருதிலிருந்து நிந்தவூர் வரைக்கும் தங்கள் மா விற்கிற கடைகளுக்கு ஸ்கூட்டியில் போய், ஏன் மா ஓடுவதில்லை என்று கேட்டாள். அவ்வளவுதான். வாய் திறந்து கேட்டாள். கடைக்காரர்களும் வாய் திறந்து சொன்னார்கள்.

"ஒரு கிலோப் பக்கட் இப்ப ஆர் ராத்தா வாங்குற? விலவாசிக்குச் சனம் கால் கிலோதான் கேக்குது. உங்களுக்கிட்ட கால் கிலோ இல்ல. மறுகா புதுப் பக்கட்டில ஒட்டின இடம் கொஞ்ச நாளில விட்டுப்போகுது. வண்டு பூந்திரும். மா கொண்டுவாற வேன்காரனுக்கிட்ட எத்தின தரம் செல்லிவிட்டன்."

வேன்காரன் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் அவனிடம் கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து முஸ்பிறா இதைச் சொன்னபோது றிபாத் கையை வீசினான்.

"கடைக்காரனுக்கு ஸ்ட்ரட்டஜி தெரியுமா? அவன் சாமான் விக்கிற ஆள்."

"நாமளும் சாமான் விக்கிற ஆக்கள்தானே?"

"நீ இத லேசாப் பாக்காத. பெல்ட் அறுந்த கதை அவருக்கு எப்பிடித் தெரியும்? அதுக்கு முதல்ல பதில் செல்லு."

"செல்றன். சனிக்கிழம மண்டபத்தில கூட்டம் வெக்கிறாரெல்லவா? நானும் ஒரு போத்தல் மண் குடுக்கிறன். அத அவர் சரியாச் சென்னா, ஞாயித்துக்கிழம மெஷின நானே லொறியில ஏத்தித் தாறன். பிழைச்சா மெஷின் வெளிக்கிடாது. சரியா?"

"ஓம், சரி" என்றான் றிபாத். அவனுக்கு வெற்றி நிச்சயமாகத் தெரிந்தது. லொறிக்குக் கயிறு வேண்டுமே என்றுகூட அப்போதே யோசித்தான்.

அவளுடைய இரண்டாவது வேலை, ஒரு பழைய ஜாம் போத்தலில் மண் எடுத்துக்கொண்டு கடற்கரை வீதிக் கியூவில் போய் உட்கார்ந்தது. எங்கிருந்து எடுத்த மண் என்று புருசனிடமும் சொல்லவில்லை. முகத்தை மூடியிருந்தாள். ஸில்மியா என்று பேர் கொடுத்தாள். கதிரை சூடாகக்கூட இல்லை, பக்கத்துக் கதிரையில் ஒருவர் பெருமூச்சோடு வந்து உட்கார்ந்தார்.

"அட்டாளைச்சேன. பேக்கரி வெச்சிரிக்கன்" என்றார். "அடுப்பு வெடிச்சுப் போச்சு."

"பாவம்" என்றாள் முஸ்பிறா. "இன்னும் உங்கட மண்ணப் பாக்கல்லயா?"

"ரெண்டாந் தரம் பாக்க வந்திரிக்கன். உங்கட தொழில் என்ன தங்கச்சி?"

முஸ்பிறா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அறுகம்பேயில் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு கெஸ்ட் ஹவுஸ் தொடங்கியிருப்பதாகச் சொன்னாள். அலைச் சறுக்கு விளையாடுகிறவர்கள் வந்து தங்குவார்கள். ஆனால் கூடப் பிறந்த காக்காவோடு பங்குச் சண்டை. அவருக்கு ரெஸ்டூரண்ட் வேண்டுமாம், இவளுக்கு அறை வேண்டுமாம். சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுத்தது. பாயிஸ் உச்சுக்கொட்டிக் கேட்டார். கேட்டு முடிந்ததும் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து, வெளிக்குழாய் இருக்கிற பக்கம் போகாமல் வீட்டின் பின்கதவால் உள்ளே போனார். அப்போது எந்தத் தொழுகைக்கும் நேரமாகவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஆள் வந்தது. ஸில்மியாவின் மண் விசேசமான மண்ணாம். சனிக்கிழமை மேடையில் வைத்தே பார்க்கப்படுமாம்.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், நடுவில் ரோல்ஸும் தேத்தண்ணியும். மேடைக்குப் பின்னால் டொக்டரின் படம் ஆளைவிடப் பெரிதாகத் தொங்கியது. முன்வரிசையில் றிபாத். பாத்திரக்கடையைக் கப்ஸியூல் கடையாக்கிய மனிதர் மைக்கைப் பிடித்து, தன் வாழ்க்கை எப்படி மாறியது என்று பேசினார். மாறியது என்பது உண்மைதான், எந்தப் பக்கமாக மாறியது என்று மட்டும் சொல்லவில்லை. பிறகு ஒரு சப்பாத்துக் கடை மண்ணும் ஒரு வாகன உதிரிப்பாகக் கடை மண்ணும் பார்க்கப்பட்டன. இரண்டையும் மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. சனம் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக் கை தட்டியது. கடையை மூடச் சொல்லிக் கேட்டு இவ்வளவு சந்தோசப்படுகிற வியாபாரிகளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"அடுத்தது ஸில்மியா" என்று கூப்பிட்டார்கள். முஸ்பிறா போத்தலோடு மேடைக்கு ஏறினாள்.

"சேர், தொடங்க முன்னுக்கு ஒரு சந்தேகம். மண்ணக் கொண்டுவாற ஆள் மாறினா ரிசல்ட் மாறுமா?"

டொக்டர் சிரித்தார். மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். "மாறாது. பொத்துவிலிலிருந்து பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்ட மண்ணுக்கும் சரியாகச் சொன்னவன் நான். மெஷின் ஆளைப் பார்க்காது, மண்ணை மட்டும்தான் பார்க்கும்."

"மண்ணுக்குச் சொந்தக்காரர் ஆரெண்டு தெரியாட்டி?"

"மண்ணுக்குத் தெரியும் தங்கச்சி. நீங்கள் சொல்லவே வேண்டாம். ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம்."

கம்பிகள் மண்ணுக்குள் இறங்கின. திரையில் கோடுகள் எழும்பின. மண்டபத்தில் ரோல்ஸ் கடிக்கிற சத்தமும் நின்றது. டிங். டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"அலை தெரிகிறது. பெரிய அலை. கடல் ஓரத்தில் ஒரு கட்டடம். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். கூடப் பிறந்தவர் ஒருவர் ஒரு பக்கம் இழுக்கிறார், நீங்கள் ஒரு பக்கம் இழுக்கிறீர்கள்."

பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. முன்வரிசையில் றிபாத் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் பெண்சாதிக்கு ஏது கெஸ்ட் ஹவுஸ்? அவளுக்குக் கூடப் பிறந்த ஆண்பிள்ளையே கிடையாது. அவன் நெற்றி சுருங்கத் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

"இந்தத் தொழில் எப்பிடிப் போகும் சேர்?"

"போகாது. இதைத் தொடங்கியவருக்கு இந்தத் தொழிலில் அனுபவம் இல்லை. மற்றவர்களை நம்பவைத்து நடத்தப் பார்க்கிறார். அடிமண்ணே சரியில்லை. நஷ்டம் இவரோடு நிற்காது, இவரிடம் வருகிறவர்களையும் பிடிக்கும். இதை உடனே மூட வேண்டும்."

"நல்லாப் பாத்துச் செல்லுங்க சேர். கட்டாயம் மூடணுமா?"

"இன்றைக்கே."

முஸ்பிறா முகத்திரையை விலக்கினாள். "அப்ப மூடுங்க சேர். இது உங்கட ஒபிஸ் மண். கடற்கரை வீதியில உங்கட நீலப் பலகைக்குக் கீழ, கேற்றடியில அள்ளினது."

பின்வரிசையில் யாரோ ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாக முன்னுக்கு வந்தது.

டொக்டர் கையை உயர்த்தினார். "இவர் பொய் சொல்லிச் சோதித்தபடியால் இவருடைய எண்ணம் மண்ணில் கலந்துவிட்டது. அதைத்தான் மெஷின் காட்டியது."

"கொண்டுவாற ஆள மெஷின் பாக்காதெண்டு இப்பதானே சென்னீங்க?" என்றாள் முஸ்பிறா. "எனக்கு அறுகம்பேயில கெஸ்ட் ஹவுஸும் இல்ல, கூடப்பிறந்த காக்காவும் இல்ல. அது நான் கியூவில ஒரே ஒராளுக்கிட்டச் சென்ன பொய். அந்தா, மேடைக்குப் பக்கத்தில தேத்தண்ணிக் கோப்பையோட நிக்கிறார். அட்டாளைச்சேன பேக்கரி முதலாளி."

நடுவரிசையில் ஒரு பெரியவர் எழும்பினார். "நான் அட்டாளைச்சேனதான். பிறந்ததும் அங்கதான், பாண் திண்டதும் அங்கதான். இந்த முகத்தில ஒரு பேக்கரி எங்கட ஊரில இல்ல."

"எனக்கிட்ட லொறி முதலாளியெண்டெல்லவா சென்னார்?" என்றார் பார்மஸிக்காரர்.

"எனக்கிட்ட நிந்தவூரில கோழிப்பண்ண" என்றார் இரும்புக்கடை முதலாளி. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். தன் கடைக் கதை முழுவதையும் அந்தக் கோழிப்பண்ணைக்காரருக்கு ஒப்புவித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது போலும். மண்டபம் முழுக்க முதலாளிமார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாயிஸ் கோப்பையை மெதுவாக வைத்துவிட்டுப் பக்கவாட்டுக் கதவைத் தேடினார். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் நின்றார்கள்.

இதற்கிடையில் றிபாத் மேடைக்கு ஏறிவிட்டான். போத்தலில் இருந்த கம்பியைப் பிடித்து, வயர் வழியாக விரலை ஓட்டிக்கொண்டே போனான். வயர் மேசை விரிப்புக்குக் கீழே போனது. றிபாத்தும் கீழே போனான். திரும்பி எழும்பியபோது வயரின் மறுமுனை அவன் கையில் இருந்தது. அது லெப்டொப்பில் செருகப்பட்டிருக்கவில்லை. மேசைக் காலில் டேப் ஒட்டிக் கட்டப்பட்டிருந்தது. கம்பி வெளியே வந்து, போத்தல் கீழே உருண்டு, மண்ணெல்லாம் கொட்டிய பிறகும் திரையில் பச்சைக் கோடுகள் அழகாக எழும்பிக்கொண்டேயிருந்தன. டிங் என்று சத்தமும் வந்தது.

அந்த நேரத்தில்தான் டொக்டர் காலிதீனுக்கு முதல் தடவையாக வியர்த்தது. கோட்டைக் கழற்றினார். உள்ளே நம்மைப் போல ஒரு சாதாரண மனிதர்தான் இருந்தார். வர்த்தகர் சங்கத்துக்காரர்கள் அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் அவருடைய காருக்கு முன்னால் ஒரு மீன் லொறி நிறுத்தப்பட்டிருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். போலீசுக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள். முதலாளிமாருக்கு அதில் விருப்பமில்லை. முறைப்பாடு எழுதினால் தாங்கள் என்ன கொண்டுபோனோம் என்பதையும் எழுத வேண்டிவருமே.

நியாயப்படி கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நம் ஆட்களை உங்களுக்குத் தெரியாது. முஸ்பிறா மண்டபத்து வாசலுக்கு வருவதற்குள் அவளைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிவிட்டது. மாடி போன் கடைக்காரர் தன் தூசிப் போத்தலை அவளிடம் நீட்டினார்.

"ராத்தா, உங்களுக்கு நல்ல விசயம் தெரியும்போல. என்ட இதையும் ஒருக்காப் பாத்துச் செல்லுங்களன்."

முஸ்பிறா அந்தப் போத்தலையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். "காக்கா, உங்கட கடையில வியாபாரம் ஏன் குறைஞ்ச?"

"அதானே தெரியாது."

"ஏணி மாதிரிப் படி. நான் ஒருக்கா ஏறி வந்து மூச்சு வாங்கிப் போனன். வயசான ஆக்கள் எப்பிடி வருவாங்க? கீழ ஒரு மேசையப் போட்டுப் பாருங்க. மறுகா வாற ஆக்களுக்கிட்ட, என்ன குறையெண்டு கேளுங்க."

அவர் ஏமாற்றத்தோடு போத்தலை மூடினார். இவ்வளவு லேசான பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. காசு வாங்காமல் சொன்ன யோசனை வேலை செய்யுமா என்ற சந்தேகமும் இருந்தது.

வீட்டுக்குப் வந்து றிபாத் கேற்றடியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுச் சொன்னான்.

"நான் மோடன்கா."

"மோடனெண்டா வயரப் புடிச்சுப் பாத்திரிக்க மாட்டீங்க" என்றாள் முஸ்பிறா. "முதல் நாளே புடிச்சுப் பாத்திரிக்கலாம். அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை லொறி வந்தது. சம்மாந்துறை ஹாஜியாரும் முன்சீட்டில் வந்திருந்தார். கொட்டிலுக்குள் மெஷின் ஓடுகிற சத்தம் அவருக்கு ரோட்டிலேயே கேட்டிருக்க வேண்டும். ஸில்மியாவும் மற்றப் பெண்களும் அரிசி கொட்டிக்கொண்டிருந்தார்கள். றிபாத் வெளியே வந்து, கொடுத்த வாக்கை மீறியதற்கு மன்னிப்புக் கேட்டான். ஹாஜியார் முகம் சுண்டியது. லொறி வாடகை வேறு. றிபாத் உள்ளே ஓடி, புதிதாகக் கட்டிய கால் கிலோப் பக்கட் ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தான்.

"மெஷின் இல்ல ஹாஜியார். மா இரிக்கு. வீட்ட கொண்டுபோய் அவியப் போட்டுப் பாருங்க. என்ன குறையெண்டாலும் மறைக்காமச் செல்லுங்க."

ஹாஜியார் பக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். ஒட்டிய இடத்தை நகத்தால் இழுத்துப் பார்த்தார். விட்டுப்போகவில்லை. "லொறி சும்மா திரும்ப ஏலா" என்றார். "நோன்புக்கு என்ட கடைக்கு மா வேணும். எவ்வளவு ஏத்துவீங்க?"

வெண்முத்துவின் வியூகம் அவ்வளவுதான். அதை எழுதிக் கொடுக்க எந்த நாட்டிலிருந்தும் யாரும் கோட் போட்டுக்கொண்டு வரவில்லை.

கடற்கரை வீதி வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஆனால் போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. கொழும்பிலிருந்து ஒருவர் வருகிறாராம். கல்லாப்பெட்டியை முகர்ந்து பார்த்துத் தொழிலின் வியூகம் சொல்லுவாராம். பதிவுகள் வேகமாக நிறைகின்றனவாம். என் அருமை முதலாளிமாரே, உங்கள் வாசலில் தினமும் ஒரு மனிதர் வந்து நிற்கிறார், வாங்காமல் திரும்பியும் போகிறார். ஏன் என்று அவரைக் கேட்க உங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. கல்லாப்பெட்டியை ஒருவன் முகர்ந்து பார்ப்பதற்கு மட்டும் ஏன் வெட்கமாக இல்லை?